கம்பம் பள்ளத்தாக்கும் நாகமலைப் பல்கலைக் கழகமும்

கம்பத்திலே பஸ் ஏறினால் உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி என்று ஊர்கள் வரிசையாக வரும். பிறகு ஆண்டிபட்டிக் கணவாய். அதைத் தாண்டினால் உசிலம்பட்டி, செக்கானூரணி. அதற்கப்பால், நாகம் போல் நீண்டு கிடக்கும் ஒரு மலையின் பக்கத்தில், பல்கலை நகர். ஏறத்தாழ 100 கிலோ மீட்டர் பிரயாணம்!

மதுரை காமராசர் பல்கலைக் கழகம் இருக்கும் இடம் இதுதான். பெயரில் மதுரை இருந்தாலும், மதுரை நகரத்துக்குள் அது இல்லை. தேனி சாலையில் இருக்கிறது. பள்ளத்தாக்கு மக்கள் அதைத் தங்கள் பல்கலைக் கழகம் என்று சொல்லிக் கொள்வதில் தப்பே இல்லை.

பிறந்த கதை

சென்னைப் பல்கலைக் கழகம் மதுரையில் நடத்தி வந்த கிளை நிலையம்தான் 1966-ல் தனிப் பல்கலைக் கழகமாயிற்று. முதல் துணைவேந்தர் தமிழறிஞர் தெ. பொ. மீனாட்சிசுந்தரம். 1971-ல் டாக்டர் மு. வரதராசன் வந்தார், 1974-ல் காலமாகும் வரை அந்தப் பதவியில் இருந்தார். பிறகு 1979-ல் வ. சுப. மாணிக்கம். தமிழ் வாத்தியாருக்கு மரியாதை இல்லை என்று அலுத்துக் கொள்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

காமராசர் பெயர் சூட்டியது 1978-ல். பள்ளிப் படிப்பையே முடிக்காத ஒரு தலைவரின் பெயரில், லட்சக்கணக்கானவர்கள் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்!

வீட்டிலிருந்தே பட்டம்

உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956-லேயே தோன்றிவிட்டது. அதாவது, பல்கலைக் கழகத்தை விடக் கல்லூரிக்குப் பத்து வயது அதிகம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல்லும் திராட்சையும் விளைகிற ஊர்களிலிருந்து பிள்ளைகள் அங்கே போய்ப் படித்தார்கள். பி.ஏ., பி.எஸ்ஸி. எல்லாம் இப்படிப்பட்ட இணைப்புக் கல்லூரிகளில்தான். பல்கலை நகருக்குள் இருப்பது பெரும்பாலும் மேல்படிப்பும் ஆராய்ச்சியும். ஆகவே பள்ளத்தாக்கு மாணவர்களில் பலருக்குப் பல்கலைக் கழகம் என்பது பட்டச் சான்றிதழில் உள்ள முத்திரைதான். நேரில் பார்த்ததே இல்லை.

அப்படியானால் கல்லூரிக்கும் போக வழியில்லாதவர்கள்? அதிகாலையில் ஜீப் ஏறிக் கேரள மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற குடும்பங்கள் இங்கே ஏராளம். மூத்த பிள்ளை பத்தாவதோடு கடையில் நிற்கும்; பெண் பிள்ளை கல்யாணத்தோடு படிப்பை விட்டிருக்கும். இவர்களுக்குக் கதவு திறந்தது 1970-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த அஞ்சல் வழிக் கல்வி. பாடம் தபாலில் வரும். பகலில் வேலை, இரவில் படிப்பு. கல்லூரி வாசலை மிதிக்காமலே ஆசிரியரானவர்களும் குமாஸ்தாவானவர்களும் பல ஊர்களில் உண்டு. நம்மைக் கேட்டால், பல்கலைக் கழகம் செய்த பெரிய காரியம் இதுதான்.

வௌவாலும் கடிகாரமும்

ஆராய்ச்சியிலும் அது இளைத்ததல்ல. உயிரியல் துறையில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் குழுவினர் செய்த ஒரு சோதனை சுவையானது.

பக்கத்துக் குகை ஒன்றில் வௌவால்கள் கூட்டமாக வசிக்கின்றன. அந்தி சாய்ந்ததும் வெளியே பறக்கும், விடியுமுன் திரும்பும். குகைக்குள்ளோ எப்போதும் இருட்டு. பொழுது சாய்ந்தது அவற்றுக்கு எப்படித் தெரிகிறது? ஒரு வௌவாலை அந்த இருட்டிலேயே கூண்டில் அடைத்து வைத்துக் கவனித்தார்கள். சூரியனைப் பார்க்காமலே, மற்ற வௌவால்கள் போய் வரும் சந்தடியை வைத்து, அதுவும் நேரம் தவறாமல் சுறுசுறுப்பானது. 1978-ல் வெளியான முடிவு இது. கூட்டமே அதற்குக் கடிகாரம்!

பிறகு மனிதர்களின் முறை. கடிகாரம், வானொலி, பத்திரிகை ஒன்றுமில்லாமல், பகலா இரவா என்றும் தெரியாத அறையில் வாரக்கணக்கில் தங்கினார்கள் சிலர். இப்படி இருந்தால் மனிதனின் ‘நாள்’ 24 மணியைத் தாண்டிச் சற்று நீண்டுவிடும். பரீட்சைக்கு முந்தின வாரம் ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு இது புதுச் செய்தியாகத் தோன்றாது.

பணக் கஷ்டம்

ஆரம்பத்தில் கன்னியாகுமரி வரை இதன் எல்லை. 1985-ல் அழகப்பா பல்கலைக் கழகமும், 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகமும் பிறந்தன. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனது போல, பல மாவட்டங்கள் பிரிந்து போயின. கல்லூரிகள் குறைந்தால் கட்டண வருவாயும் குறையும் அல்லவா? வேறு மாநிலங்களில் அஞ்சல் வழி மையங்கள் நடத்தவும் பின்னால் மானியக் குழுவின் விதிகள் குறுக்கே வந்தன. அந்த வருமானமும் படுத்துவிட்டது.

2021-ல் தேசிய தர மதிப்பீட்டில் இதற்கு ‘ஏ பிளஸ் பிளஸ்’ கிடைத்தது. மூன்றே வருஷத்தில், 2024-ல், சம்பளமும் ஓய்வூதியமும் வராமல் ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் போராட்டத்தில் இறங்க நேர்ந்தது. தரமும் தரித்திரமும் ஒரே கூரையின் கீழ்!

இதில் தேனிக்காரர்களுக்கு என்ன என்று கேட்கலாம். தேனி மாவட்டம் 1996-ல் பிறந்துவிட்டது. அதற்கென்று தனிப் பல்கலைக் கழகம் கிடையாது. அங்கே கஜானா காலியானால் காலிப் பணியிடங்கள் நிரம்பா. கட்டணத்தை ஏற்றும் யோசனை வரும். சென்னைக்கும் கோவைக்கும் போய்ப் படிக்க வசதி உள்ளவர்கள் போய்விடுவார்கள். தோட்டத்து வேலைக்காரர் மகளுக்கு அது முடியாது. மீட்டர் கேஜ் மாறிப் புதுப்பித்த ரயில் 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் வந்துவிட்டது. பல்கலை நகருக்கு அருகில் வடபழஞ்சியில் ஸ்டேஷனும் இருக்கிறது. அவளுக்கு வழி பிரச்னையில்லை. போய்ச் சேரும்போது வகுப்பில் பேராசிரியர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.