பன்னிரண்டு மணி நேரக் கெடு

சைக்கிள் பந்தயத்துக்குப் போடும் இறுக்கமான கால்சட்டையில் பெல்ட் மாட்ட இடமே இருக்காது. ஆனாலும் ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்ற சிற்றூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு பெல்ட் பக்கிளுக்காக மூச்சிரைக்க மலையேறுகிறார்கள். கௌபாய் படங்களில் நாயகன் இடுப்பில் மின்னுமே, அந்த மாதிரிப் பக்கிள். 100 மைல் மலைப்பாதையை சைக்கிளில் 12 மணி நேரத்துக்குள் கடந்தால் தருவார்கள். 9 மணி நேரத்துக்குள் கடந்தால் அதைவிடப் பெரியது. 12 மணி நேரமும் ஒரு நிமிடமும் ஆகிவிட்டால் பக்கிள் கிடையாது.

லெட்வில் பிழைத்ததே சுரங்கத்தால். 1880 வாக்கில் வெள்ளி கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ஜனம் அலையலையாக வந்து இறங்க, கொலராடோவின் பெரிய நகரங்களில் ஒன்றாக இருந்தது. 1893-ல் வெள்ளி விலை விழுந்தது, ஊரும் விழுந்தது. பிறகு கைகொடுத்தது பக்கத்து மலையிலிருந்த கிளைமாக்ஸ் சுரங்கம். எஃகுக்கு உறுதி சேர்க்கும் மாலிப்டினம் என்ற உலோகம் அங்கே மலைமலையாகக் கிடந்தது. 1980-களின் தொடக்கத்தில் எஃகுத் தொழில் படுத்ததும் அந்தச் சுரங்கமும் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே வீச்சில் வேலை போயிற்று. வேலை போனவர்களில் கென் க்ளோபர் என்ற சுரங்கத் தொழிலாளியும் ஒருவர்.

க்ளோபருக்கு வேறொரு பைத்தியமும் இருந்தது. கழுதை ஓட்டப் பந்தயம். அந்தப் பகுதியில் 1949 முதல் நடக்கும் வேடிக்கையான விளையாட்டு இது. சுரங்கச் சாமான் ஏற்றிய கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மலை மீது ஓட வேண்டும். இழுக்கலாம், தள்ளலாம், கெஞ்சலாம், ஆனால் மேலே ஏறி உட்காரக் கூடாது. கழுதையோடு மலையேறிப் பழகிய ஆளுக்கு ஊரைக் காப்பாற்ற என்ன யோசனை தோன்றும்? மலை மீது 100 மைல் ஓட்டப் பந்தயம். கணக்கு எளிமையானது. சாதாரண மாரத்தான் வைத்தால் வந்தவர்கள் மத்தியானமே கிளம்பிவிடுவார்கள். 100 மைல் என்றால் ராத்திரி தங்கித்தான் ஆக வேண்டும். அறை வாடகை கொடுப்பார்கள், இரண்டு வேளை சாப்பிடுவார்கள். மெரிலி மாபின் என்ற பெண்மணியோடு சேர்ந்து 1983-ல் அவர் அதைத் தொடங்கினார். 45 பேர் ஓடினார்கள், 10 பேர் முடித்தார்கள். 1994-ல் அதே மலையில் சைக்கிள் பந்தயமும் சேர்ந்துகொண்டது.

உயரத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ஊரே சுமார் 10,150 அடியில் இருக்கிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த ஆனைமுடி 8,842 அடிதான். அதாவது நம் மலைகளின் உச்சி முடிந்து இன்னும் 1,300 அடி மேலே போனால்தான் லெட்வில்லின் டீக்கடை உயரம் வரும். பந்தயம் தொடங்குவதே அங்கிருந்துதான். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய எழுபது சதவீதம்தான் அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும். கொலம்பைன் என்ற பழைய சுரங்கம் இருக்கும் திருப்புமுனை 12,400 அடிக்கும் மேலே. மரங்கள் வளர்வதை நிறுத்திக்கொண்ட வெட்டவெளி அது. சமவெளியில் நாள் முழுக்க மிதித்தாலும் அசராத ஆள், அங்கே நடைவேகத்தில் மிதிக்கவே வாயைப் பிளக்கிறார்.

காலை 6.30 மணிக்குத் துப்பாக்கி வெடித்துத் தொடங்குகிறார்கள். கோடைக்காலம்தான், ஆனால் விடியலில் விரல் விறைக்கும் குளிர். முதல் சில மைல் தார்ச்சாலை இறக்கம். வியர்க்காத உடம்பில் குளிர்காற்று ஊசி குத்துகிறது. பிறகு மண்பாதை. புதியவர்களைக் கடைசியில் நிறுத்துவதால், முன்னே நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் கிளப்பும் புழுதியைத் தின்றுகொண்டே முதல் மேட்டில் ஏற வேண்டியிருக்கும். ஒருவர் கால் ஊன்றினால் பின்னால் வரும் அத்தனை பேரும் கால் ஊன்ற வேண்டும்.

பாறை தாண்டுவது, வேர்களுக்கிடையே வளைவது போன்ற வித்தைகளுக்கு இந்தப் பாதையில் வேலை குறைவு. பெரும்பாலும் சுரங்கத்துக்குப் போட்ட பழைய சாலைகளும் ஜீப் தடங்களும்தான். இதெல்லாம் ஒரு மலை சைக்கிள் பந்தயமா என்று முகம் சுளிக்கும் கலைஞர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் வித்தை தெரியாத குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் நெஞ்சுறுதியை மட்டும் நம்பி இறங்க முடிவதும் இதனால்தானே.

போன வழியே திரும்ப வேண்டிய பாதை இது. அதனால் கொலம்பைன் மேட்டில் ஒரு காட்சி. மேலே திரும்பிய முன்னணி வீரர்கள் காற்றைக் கிழித்து இறங்கி வருவார்கள். அதே பாதையின் ஓரத்தில் மற்றவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரிசையாக ஏறிக்கொண்டிருப்பார்கள். எந்தக் கிரிக்கெட் மைதானத்திலும் சாதாரண ஆட்டக்காரர் ஒருவர், ஆட்டத்தின் நடுவில் சாம்பியனை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடியாது.

அந்த முன்னணியின் கதையும் சாதாரணமானதல்ல. அதே மாநிலத்தின் கன்னிசன் ஊர்க்காரரான டேவ் வீன்ஸ் 2003 முதல் 2008 வரை தொடர்ந்து ஆறு முறை வென்றார். 2007-ல் அவரை எதிர்த்தவர் ஃபிளாய்ட் லாண்டிஸ். முந்தைய ஆண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முதலில் வந்து, ஊக்கமருந்து வழக்கில் தீர்ப்புக்குக் காத்திருந்தவர். தோற்றார். 2008-ல் வந்தவர் சைக்கிள் உலகின் பெரும் நட்சத்திரம் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். அவரும் இரண்டு நிமிடத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் இரண்டாவதாகத்தான் வந்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்து, கடைசியில் காற்றிறங்கிய டயரோடும் ஜெயித்தார். 2012-ல் ஊக்கமருந்து விவகாரம் வெடித்து, 1998 ஆகஸ்டுக்குப் பிறகான அவருடைய முடிவுகள் அனைத்தும் ரத்தாயின. உலகப் புகழ்பெற்ற இருவரையும் தன் சொந்த மலையில் தோற்கடித்த வீன்ஸின் பெயர், சைக்கிள் உலகத்துக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போதைய வேகம் வேறு ரகம். கீகன் ஸ்வென்சன் 2022-ல் 6 மணி நேரம் 1 விநாடியில் முடித்தார். அந்த ஒரு விநாடி அவரை எப்படி அரித்ததோ, அடுத்த ஆண்டு 5 மணி 43 நிமிடம் 31 விநாடியில் வந்து நின்றார். அவர் குளித்துச் சாப்பிட்டு ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் மற்றவர்களின் பந்தயம் சூடுபிடிக்கிறது.

அவர்களுக்குப் பந்தயம் என்பது பவர்லைன். உயர் மின்னழுத்தக் கம்பி செல்வதற்காகக் காட்டை வெட்டிய செங்குத்தான பாதை. காலையில் அதில் இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக் கை வலித்திருக்கும். திரும்புகையில், ஏறத்தாழ 80 மைல் மிதித்து முடித்த கால்களோடு, மத்தியான வெயிலில் அதிலேயே ஏற வேண்டும். மழைநீர் அரித்த பள்ளங்கள். மிதித்தால் பின்சக்கரம் மண்ணில் வழுக்குகிறது, எழுந்து நின்று மிதித்தால் இன்னும் வழுக்குகிறது. எத்தனை பல் ஃப்ரீவீல் வைத்திருந்தாலும் பலர் இறங்கித் தள்ளுகிறார்கள். தோளைத் தாழ்த்தி, தலையைக் குனிந்து, ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளும் அந்த வரிசை, சந்தைக்கு மூட்டை கொண்டுபோகிறவர்களைத்தான் நினைவூட்டுகிறது. உச்சி வந்துவிட்டது என்று நிமிர்ந்தால் அதற்குப் பின்னால் இன்னொரு மேடு நிற்கும். அதற்குப் பின்னாலும் ஒன்று. தண்ணீர் குடித்தால் குமட்டும், குடிக்காவிட்டால் தொடை சுண்டி இழுக்கும்.

அங்கே எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். மீதி இத்தனை மைல், இத்தனை நிமிடம், இந்த வேகம். களைத்த மூளை அதே கூட்டலை நான்கு முறை போட்டு நான்கு விடை சொல்கிறது. வழியிலுள்ள முகாம்களுக்கும் தனித்தனிக் கெடு உண்டு. தவறினால் மேலே விடமாட்டார்கள். அதை எல்லாம் தாண்டி வந்தும், ஊர் எல்லையின் நீண்ட மேட்டில் பன்னிரண்டு மணி நேரத்தைக் கைநழுவ விடுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். முழுத் தூரமும் மிதித்தவர்கள்தான். பக்கிள் மட்டும் இல்லை.

2010-ல் ஒரு பெரிய உடற்பயிற்சி நிறுவனம் இந்தப் பந்தயத்தை வாங்கிவிட்டது. கூட்டம் பெருகியது. பழைய ஆட்களில் சிலருக்கு இன்னும் மனத்தாங்கல். கிளைமாக்ஸ் சுரங்கமும் 2012-ல் மறுபடி திறந்தது. ஆனால் லெட்வில் இப்போது அதை மட்டும் நம்பியில்லை.

பரிசளிப்பு பல ஆண்டுகளாக மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நடக்கிறது. ஆகவே பக்கிள் வாங்கப்போகிறவர் அன்றிரவு ஊரிலேயே தங்குகிறார். பக்கிளைத் தவறவிட்டவர், காரில் உட்காரக்கூட முடியாத இடுப்பு வலியோடு, அவரும் தங்குகிறார். அறை வாடகை இருவருக்கும் ஒன்றுதான். க்ளோபர் 1983-ல் போட்ட கணக்கும் அதுதான்.