உங்களுக்குத் தெரியுமா? – ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’

★ 2001-இல் வந்த இந்தப் படத்தில் கணித மேதை ஜான் நாஷின் அறைத்தோழனாக வரும் சார்லஸையும், அவனோடு வரும் சிறுமியையும் மறந்திருக்க மாட்டீர்கள். நிஜ நாஷின் கண்ணுக்கு அப்படி யாரும் தெரிந்ததில்லை. அவரை அலைக்கழித்தவை குரல்கள். மனச்சிதைவு நோயில் இல்லாத ஆள் தெரிவதைவிட இல்லாத குரல் கேட்பதுதான் அதிகம். இயக்குநர் ரான் ஹோவார்ட் அந்தக் குரல்களுக்கு முகம் கொடுத்தார். பாதிப் படம் வரை சார்லஸை நாமும் நம்புகிறோம். நோயாளியிடம் “அங்கே யாருமே இல்லையே” என்று சொல்வது ஏன் எடுபடாது என்பது அப்போதுதான் உறைக்கிறது.

★ சிகாகோ பல்கலைக்கழகம் வேலைக்கு அழைத்தபோது நாஷ் மறுத்துவிட்டார். அண்டார்டிகாவின் சக்கரவர்த்தியாகப் பதவியேற்கப் போவதாகக் காரணம் சொன்னார். அதை அவர் உண்மையாகவே நம்பினார்.

★ கண்ணாடியிலும் கரும்பலகையிலும் சமன்பாடு எழுதும் கை நடிகர் ரஸ்ஸல் க்ரோவுடையது அல்ல. படத்தின் கணித ஆலோசகர், பேராசிரியர் டேவ் பேயருடையது.

★ மதுக்கூடத்தில் பொன்னிறக் கூந்தல் பெண்ணை எல்லோரும் விட்டுவிட வேண்டும் என்று திரையில் நாஷ் விளக்குகிறாரே, அது ‘நாஷ் சமநிலை’யே அல்ல! ஒருவர் மட்டும் தன் முடிவை மாற்றிக்கொண்டால் அவருக்கு லாபம் இருக்கக் கூடாது, அதுதான் சமநிலை. அந்தக் காட்சியிலோ, யாராவது ஒருவன் மெல்ல நழுவி அந்தப் பெண்ணிடம் போனால் அவனுக்கு லாபம்தான். 1950-இல், 21 வயதில், 28 பக்க ஆய்வேட்டில் நாஷ் எழுதிய கருத்து இந்தச் சமநிலை. நோபல் வர 44 ஆண்டுகள் ஆயின.

★ பேராசிரியர்கள் ஒவ்வொருவராக வந்து நாஷின் மேசையில் பேனாவை வைக்கும் காட்சியில் நானும் அழுதிருக்கிறேன். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் நாஷுக்குச் செய்தது பேனாவைவிடப் பெரிது. வேலை போய், மருத்துவமனைகளுக்குள் போய்வந்து, தனக்குள் முணுமுணுத்தபடி திரிந்த மனிதரை அது விரட்டவில்லை. நூலகத்தில் உட்காரவிட்டது, கணினியைத் தொடவிட்டது. காலையில் வகுப்புக்கு வரும் மாணவர்கள் கரும்பலகையில் பொருள் விளங்காத எண்களையும் வாசகங்களையும் பார்ப்பார்கள். கணிதத் துறைக் கட்டடமான ஃபைன் ஹாலின் ‘ஆவி’ என்று அவருக்குப் பெயர். இப்படியே பல ஆண்டுகள் கழிந்தன. மெல்ல மெல்ல அவர் மற்றவர்களோடு கணிதம் பேசத் தொடங்கினார்.

★ மனைவி அலிசியா 1963-இல் விவாகரத்து பெற்றதைப் படம் சொல்லவில்லை. 1970-இல் போக்கிடமில்லாத நாஷைத் தன் வீட்டில் தங்கவைத்ததும் அதே அலிசியாதான். படம் வெளிவந்த ஆண்டிலேயே இருவரும் மறுபடி திருமணம் செய்துகொண்டார்கள். எதற்காக இதை மறைத்தார்களோ! பிரியாமல் இருந்ததைவிடப் பிரிந்தும் கைவிடாமல் இருந்தது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

★ நோபலுக்கு முன்பு, புதுவகை மருந்துகள் சாப்பிடுவதாகத் திரையில் நாஷ் சொல்வார். நிஜத்தில் 1970-க்குப் பிறகு அவர் மருந்தே எடுக்கவில்லை. அப்படியே காட்டினால், பார்க்கும் நோயாளிகள் மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் சேர்த்த வசனம் அது. இந்தப் பொய்யை நான் மனதார ஏற்கிறேன். நாஷுக்கு வாய்த்தது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தி மீண்டும் நோய் முற்றியவர்களின் வீடுகளுக்கு அது தெரியும்.

★ படத்துக்கு 4 ஆஸ்கர் விருதுகள். அலிசியாவாக நடித்த ஜெனிஃபர் கானலிக்கு ஒன்று. ரஸ்ஸல் க்ரோவுக்கு இல்லை.

★ 2015 மே மாதம் நார்வேயில் கணிதத்தின் உயரிய விருதான ஏபெல் பரிசை வாங்கிக்கொண்டு நாஷும் அலிசியாவும் ஊர் திரும்பினார்கள். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு டாக்சி. நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் அது தடுப்பில் மோதியது. அவருக்கு 86, அலிசியாவுக்கு 82. இருவரும் ஒன்றாகவே போனார்கள்.