மாறுவேடமும் இசையும்: விளம்பரக் காணொளிகளில் மருட்கை மெய்ப்பாடு

ஆய்வுச்சுருக்கம்

புகழ்பெற்ற ஒருவரை மாறுவேடத்தில் மக்களிடையே நிறுத்தி, அவர் இன்னார் எனத் தெரியவரும் கணத்தைப் படம்பிடித்துப் பரப்புவது அண்மைக்கால விளம்பர உத்திகளுள் ஒன்று. அவ்வுத்தி செயற்படும் முறையைத் தொல்காப்பியர் கூறும் மருட்கை என்னும் மெய்ப்பாட்டின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. இவ்வகைக் காணொளியில் விலைபோவது, அறியாது நின்றவரின் வியப்பே என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, மருட்கை, ஆக்கம், மாறுவேடம், விளம்பரக் காணொளி

முன்னுரை

உள்ளத்து உணர்வு காண்போர்க்குப் புலனாகுமாறு உடம்பில் வெளிப்படுவது மெய்ப்பாடு. தொல்காப்பியர் தொகுத்துரைக்கும் மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாகிய மருட்கை, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும். இவற்றுள் ஆக்கம் என்பதற்கு ஒன்று பிறிதொன்றாகத் திரியக் கண்டு வியத்தல் என உரைவழிப் பொருள் கொள்ளலாம். அறிவால் அளந்தறிய இயலாத இடத்தில் மருட்கை தோன்றும் என்பதும் அந்நூற்பாவின் கருத்தாகும். இவ்விலக்கணம் இன்றைய விளம்பரக் காணொளிகளுக்குப் பொருந்துமாற்றை மூன்று சான்றுகளாலும், அவற்றுக்கு முற்பட்ட ஒரு சோதனையாலும் அறியலாம்.

1. வெளிப்பாடு அமையாத மாறுவேடம்

2007 சனவரி 12 அன்று காலை, வாஷிங்டன் நகரின் லான்ஃபான் பிளாசா சுரங்க ரயில் நிலையத்தில், வயலின் கலைஞர் ஜோஷுவா பெல் எளிய உடையும் தொப்பியும் அணிந்து நின்று வாசித்தார். இது விளம்பரம் அன்று. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் நிகழ்த்திய சோதனை. அவர் கையிலிருந்தது 1713இல் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின். ஏறத்தாழ 43 நிமிடங்களில் 1,097 பேர் அவரைக் கடந்து சென்றனர். நின்று கேட்டோர் எழுவர். அடையாளம் கண்டவர் ஒருவரே. அவர் தந்த 20 டாலர் நீங்கலாக, பெட்டியில் விழுந்த தொகை 32 டாலரும் சில்லறையுமே.

பெருமை என்னும் நிலைக்களன் அங்கு இருந்தும் மருட்கை பிறக்கவில்லை. நின்று நோக்கும் ஓய்வு பயணியர்க்கு இல்லை. வாசிப்பவர் யார் எனத் தெரியவரும் கணமும் அமைக்கப்படவில்லை. பின்வந்த விளம்பரங்கள் இவ்விரண்டையும் திட்டமிட்டு அமைத்தன.

2. முதியவர் இளைஞராதல்

2012இல் பெப்சி மேக்ஸ் பானத்திற்காக வெளிவந்த ‘அங்கிள் ட்ரூ’ காணொளியில், அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கைரி எர்விங் நரைத்த தாடியுடைய முதியவராக நியூ ஜெர்சி மாநிலத்துப் புளூம்ஃபீல்டின் திறந்தவெளி ஆடுகளத்தில் தோன்றினார். அப்போது அவருக்கு வயது 20. முதலில் மூச்சிரைக்க நடந்து, எறிந்த பந்துகளைத் தவறவிட்ட அவர், சிறிது சிறிதாகத் தம் திறத்தைக் காட்டினார். ஐயத்தோடு நோக்கிய கூட்டம் ஆரவாரித்தது.

இங்கு நிலைக்களன் ஆக்கம். முதுமை இளமையாகத் திரிகிறது. காண்போரின் அறிவு அதற்குக் காரணம் காண இயலாமல் நிற்கிறது. மாறுவேடத்திற்கும் விற்பனைப் பொருளுக்கும் உள்ள உறவும் நோக்கத்தக்கது. அந்தப் பானமே கலோரியற்ற தன் இயல்பை மறைத்து நிற்கும் மாறுவேடப் பானம் என விளம்பரப்படுத்தப்பட்டது. ஆகவே, வேடம் இங்குப் பொருளுக்கு உவமமாகிறது. இப்பாத்திரம் தொடர்காணொளிகளாக வளர்ந்து, 2018இல் முழுநீளத் திரைப்படமாகவும் வெளிவந்தது.

3. குரல் என்னும் மறையாத அடையாளம்

2015 நவம்பர் 20 அன்று பாடகி அடேலின் ‘25’ என்னும் இசைத்தொகுப்பு வெளியானது. அன்றே ஒளிபரப்பான பி.பி.சி. நிகழ்ச்சியில், அவரைப் போலவே பாடி மேடையேறும் கலைஞர்களிடையே, செயற்கை மூக்கும் மோவாயும் பொருத்திக்கொண்டு, ஜென்னி என்னும் பெயரில் அடேலே கலந்துகொண்டார். பாடகரின் பெயரே வணிகப்பெயராகும் துறையில் இதனையும் விளம்பரமாகவே கொள்ளலாம். மேடையில் பாடலைத் தொடங்கும் இடத்தைத் தவறவிட்டுத் தயங்கினார், பிறகு பாடினார். கேட்டிருந்தோர் முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. சிலர் கண்ணீர் விட்டனர்.

முகத்தை ஒப்பனை மறைக்கும், குரலை மறைக்காது. மேலும், இசை காலத்தில் விரிவது. ஆதலின் அறிந்துகொள்ளுதலும் ஒரே கணத்தில் நிகழாமல், ஐயம், தெளிவு, வியப்பு எனப் படிப்படியாக நிகழ்கிறது. அக்குரலைப் பயின்று பயின்று பழகிய செவிகளே அங்கு அவையாக அமைந்தமை வெற்றிக்குக் காரணம். ரயில் நிலையத்தில் இல்லாதிருந்தது இத்தகைய அவையே.

திரையில் காண்போரோ உண்மையை முன்னரே அறிந்தவர். அவர் எய்துவது மருட்கை அன்று. பிறர் மருளக் கண்டு எய்தும் உவகை. அவ்வுவகையே காணொளியைப் பிறர்க்கு அனுப்பத் தூண்டுகிறது.

4. வியப்பின் உண்மை

பிறர் வியப்பே சரக்காகும்போது அதன் உண்மை கேள்விக்குரியதாகிறது. 2013இல் பெப்சி மேக்ஸ் வெளியிட்ட ‘டெஸ்ட் டிரைவ்’ காணொளியில், கார்ப் பந்தய வீரர் ஜெஃப் கார்டன் மாறுவேடத்தில் கார் வாங்க வந்தவராகத் தோன்றி, விற்பனையாளரை உடன் ஏற்றிக்கொண்டு அச்சுறுத்தும் வேகத்தில் ஓட்டுவதாகக் காட்டப்பட்டது. அது முன்னரே புனையப்பட்டது என ஐயங்கள் எழுந்தன. சாகச ஓட்டுநர் ஒருவரே காரை ஓட்டினார் என்பதும் தெரியவந்தது. 2014இல் வந்த தொடர்ச்சியில், ஐயுற்ற இதழாளர் ஒருவரையே வாடகைக் காரில் ஏற்றி மருளச் செய்வதாகக் காட்டினர். வியப்பின் உண்மையை நிறுவாமல் இப்பொருளை விற்க இயலாது என்பதற்கு இதுவே சான்று.

விளம்பரத்தில் உண்மை நுகர்வோராகக் காட்டப்படுவோர் உண்மை நுகர்வோராகவே இருத்தல் வேண்டும், அல்லாதபோது அதனைத் தெளிவாக அறிவித்தல் வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் 2009ஆம் ஆண்டு நெறிமுறை. இது பொருளைப் பரிந்துரைப்போரை நோக்கியது. பொருளைப் பற்றி ஒன்றும் கூறாது வியந்து மட்டும் நிற்போர் நிலை அதில் தனித்துச் சுட்டப்படவில்லை. ஆயினும் காண்போரை இசைவிப்பது அவர் சொல்லினும் அவர் முகமே.

முடிவுரை

மாறுவேடம் மட்டும் மருட்கையைத் தோற்றுவிப்பதில்லை. அறியத்தக்க அவையும் வெளிப்பாட்டுக் கணமும் அதற்குத் தேவை. உடல்திறன் அக்கணத்தை ஆக்கத்தின் வழி அமைக்கிறது. இசை அதனை நீட்டித்துத் தருகிறது. மெய் என்னும் சொல் உடம்பையும் உண்மையையும் ஒருங்கே குறிக்கும். நடிகர் மேடையில் காட்டும் வியப்பை நடிப்பென்று அறிந்தே அவையினர் நுகர்கின்றனர். வழிப்போக்கர் முகத்தில் காட்டப்படும் வியப்பையோ உண்மையென நம்பியே நுகர்கின்றனர். எனவே, காட்டப்படுவது நடிப்பாயின் அதனை நடிப்பென அறிவிப்பதும், உண்மையாயின் வியந்தவரின் இசைவைப் பெற்று வெளியிடுவதும் இவ்வகை விளம்பரத்தின் அடிப்படை அறமாகக் கொள்ளத்தக்கன.