அம்மானின் படை லொறி

என் தாய்மாமனிடம் ஒரு லொறி இருந்தது. போருக்கென்று பிறந்த அது, வெங்காயம் சுமந்து வாழ்ந்தது. அதனைப் பேணிய கதையில் என் பிழையொன்றும் அடங்கியிருக்கின்றது. அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. 1944இல் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. படைகளுடன் லொறிகளும் வந்தன. போர் ஓய்ந்தபின் அவற்றுட் சில தனியார் கைக்கு மாறின. அம்மானுடையது கனடாவிற் செய்யப்பட்ட செவர்லே. அப்போரின்போது கனடா 8 இலட்சத்துக்கு மேற்பட்ட படை வாகனங்களைச் செய்தது. சந்தையிலே போட்டியிட்ட போர்ட், ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் இரு நிறுவனங்களும் அன்று ஒரே மாதிரியில் வண்டி கட்டின. அவ்வண்டிகளின் மூக்கு சப்பையானது. முன்கண்ணாடியின் மேல்விளிம்பு வெளியே சாய்ந்திருக்கும். வெயிலில் மின்னி, பகை விமானத்துக்கு இடத்தைக் காட்டிக் கொடாதிருக்கவே அவ்வாறு அமைத்தார்கள்.

அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. பிஸ்ரன்களைத் தாங்கும் தண்டுகளின் அடியிலே சிறிய அகப்பைகள் இருக்கும். சுழலுந்தோறும் அவை கீழ்த்தொட்டியிலுள்ள எண்ணெயை அள்ளிக் கொள்ளும். எண்ணெய் மட்டம் தாழ்ந்தால் அகப்பைக்கு ஒன்றும் அகப்படாது. தண்டின் முனையில் வார்த்திருக்கும் மென்னுலோகம் உருகிவிடும். ஆகவே, காலையில் தேநீர் அருந்துமுன் எண்ணெய் அளப்பது அம்மானின் வழக்கம். சில்லுகளோ இரு பாதிகளை நட்டுகளாற் பூட்டியவை. பாதிகளைப் பிணைக்கும் நட்டுகளுக்குச் சிவப்பு மை பூசியிருந்தார். ரயரில் காற்றிருக்க அவற்றைக் கழற்றினால் சில்லு வெடித்து ஆளைக் கொல்லும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. எந்த நாள் எந்த உறுப்புக்கு என்ன செய்யப்பட்டது என்பதை அதில் எழுதி வைப்பார். நானோ அதை எள்ளி நகையாடும் வயதினன்.

1970க்குப் பின் அரசாங்கம் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வராமையால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தார்கள். எங்கள் லொறிக்கும் ஓயாத வேலை கிடைத்தது. ஆனால், சுமையைத் தந்த அதே கட்டுப்பாடு உதிரிப்பாகங்களைப் பறித்துக் கொண்டது. ஒரு சிறு இறப்பர் வளையத்துக்காகக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் நாட்கணக்காக அலைந்ததுண்டு.

1974இல் ஒரு நாள், பிறேக் எண்ணெய் தாழ்ந்திருப்பதைக் கண்டேன். அதற்குரிய எண்ணெய் ஊரில் எங்குமில்லை. அம்மானும் வெளியே சென்றிருந்தார். எண்ணெய்தானே என்று எண்ணி, எஞ்சின் எண்ணெயை ஊற்றி மூடினேன். கொப்பியில் எழுதவில்லை, அவரிடம் சொல்லவுமில்லை.

சில நாட்கள் கழித்து வெங்காய மூடைகளுடன் கொழும்புக்குப் புறப்பட்டோம். மாங்குளத்துக்கு அப்பால் கண்டி வீதியை ஒரு மாட்டுப்பட்டி கடந்தது. பின்னே ஒரு சிறுவன். அம்மான் மிதித்த பிறேக் அடித்தட்டைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. நான்கு சில்லுகளுக்கும் ஒரே குழாய்த் தொடர். அது கைவிட்டால் எல்லாமே கைவிட்டதுதான். அவர் கிளச்சை மிதித்து, கியரை விடுவித்து, எஞ்சினை ஒருமுறை உறுமச் செய்து, மீண்டும் மிதித்துக் கீழ்க் கியருக்குத் தள்ளினார். அப்பழைய கியர்ப்பெட்டி வேறெந்த வழிக்கும் இணங்காது. கைப்பிறேக்கையும் இழுத்தார். எஞ்சின் அலறியது. சிறுவனுக்கு நாலு முழம் இப்பால் லொறி நின்றது.

அவன் எங்களை ஒருகணம் பார்த்துவிட்டு, மாடுகளின் பின்னே ஓடிப்போனான்.

அம்மான் இறங்கி, பிறேக் எண்ணெயில் விரலைத் தோய்த்து மணந்தார்.

“தம்பி, என்ன எண்ணெய் விட்டனீ?”

சொன்னேன். அவர் ஏசவில்லை. “தெரியாமல் விட்டது பிழையில்லை. விட்டதை எனக்குச் சொல்லாமல் விட்டதுதான் பிழை,” என்றார்.

வேறொரு லொறியின் துணையுடன் ஊர் திரும்பிப் பிறேக்கைக் கழற்றினோம். உள்ளேயிருந்த இறப்பர்க் கிண்ணங்கள் எஞ்சின் எண்ணெயிலே ஊறிப் பருத்து, மெதுமெதுத்து, ஓரம் கிழிந்திருந்தன. அவற்றுக்கு ஏற்றது பிறேக் எண்ணெய் ஒன்றே. எஞ்சின் எண்ணெய் அவற்றுக்கு நஞ்சு. ஒரு துளியும் எஞ்சாதபடி குழாய்களையெல்லாம் மதுசாரத்தாற் கழுவினோம். சிலிண்டர்களிலிருந்த கறளை மென்மையான அரத்தாளாற் போக்கினோம். புதிய இறப்பர்கள் கிடைத்துப் பூட்டி முடிய மூன்று கிழமையாயிற்று. அதுவரை உழைப்பில்லை.

வேலை முடிந்த அன்று அம்மான் கொப்பியை என்னிடம் நீட்டினார். நடந்ததை என் கையாலேயே எழுதினேன்.

பின்னர் நான் ஆசிரியனானேன். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதி மறைக்கும் மாணவனைக் காணும்போதெல்லாம் மாங்குளத்துச் சிறுவனே கண்முன் நிற்பான்.

1977க்குப் பின் இறக்குமதி தளர்ந்து புதிய லொறிகள் வந்தன. அம்மான் பழையதை விற்றார். வாங்கியவரிடம் திறப்புடன் கொப்பியையும் கொடுத்தார். “இதை வாசியாமல் வண்டியை எடுக்காதேயுங்கோ,” என்றார். வாங்கியவர் வாசலில் நின்றே பக்கங்களைப் புரட்டினார். என் எழுத்து வந்த இடத்தில் சற்றுத் தாமதித்து, நிமிர்ந்து அம்மானைப் பார்த்தார்.

“அதுவும் நடந்ததுதான்,” என்றார் அம்மான்.