பிளீச்சிங் பவுடர்: பயன்களும் எச்சரிக்கையும்

தூய்மையை ஈமானுடன் இணைத்துச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. வீட்டுக் கிணறு, பள்ளிவாசல் ஹவ்ழ், கழிவறை என எங்கும் நாம் பயன்படுத்தும் பிளீச்சிங் பவுடரை முறையாகக் கையாளாவிட்டால் அது உயிருக்கே ஆபத்தாகும்.

நீற்றுச் சுண்ணாம்பில் குளோரின் வாயுவைச் செலுத்தித் தயாரிக்கப்படும் இத்தூளுக்கு 1799-ல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டெனன்ட் காப்புரிமை பெற்றார். அன்று இது துணி வெளுக்கும் தூள். தரமான தூளில் சுமார் 33 சதவீதம் குளோரின் உண்டு. ஈரம், வெயில், காற்று பட்டால் வீரியம் போய்விடும். இறுக மூடி, குளிர்ந்த, இருளான இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

கிணற்றில் போடும் முறை

1000 லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் போதும். தூளை அப்படியே கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலுள்ள தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலக்க வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பு வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்தே தண்ணீரைப் பயன்படுத்த வேண்டும்.

கலக்கவே கூடாதவை

கறை போகவில்லை என்று பிளீச்சிங் பவுடருடன் ஆசிட்டையும் ஊற்றுவோர் உண்டு. உடனே குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். வினிகரும் அப்படியே. அமோனியா கலந்த கிளீனர்களும் நச்சு வாயுவை உண்டாக்கும்.

நெடி ஏறினால் உடனே வெளியேறிக் காற்றோட்டமான இடத்துக்குச் செல்லுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வீட்டில் கழிவறை கழுவும் பெண்களுக்கும், பள்ளியைச் சுத்தம் செய்யும் மோதினாருக்கும் இதை அவசியம் சொல்லிக் கொடுங்கள். அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக!