எல்லா வலிக்கும் வாயு என்றா பெயர்?

பிரசவத்துக்குப் பிறகு மேல்வயிற்றில் பிடிக்கும் வலியை ஓமத் தண்ணீரோடு முடித்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் மாறவில்லை. அந்த வலியின் வேர் பெண்ணின் ஹார்மோன்களில் இருக்கலாம்.

என் தங்கைக்கு அப்போது 26 வயது. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். குழந்தைக்கு மூன்றாம் மாதம். பத்தியம் முடிந்து, இனி எல்லாம் சாப்பிடலாம் என்று அம்மா ஆசையாகப் பூரியும் கிழங்கும் செய்து கொடுத்த ராத்திரி அது. ஒரு மணி இருக்கும். தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, இங்க பிடிச்சு இழுக்குதும்மா. முதுகு வரைக்கும் போகுது. மூச்சு விட முடியல" என்று நெஞ்சுக்குழிக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள்.

"பச்சை உடம்புடி. வாயு ஏறியிருக்கும். பூரி ஒத்துக்கல போல" என்றார் அம்மா. ஓமத் தண்ணீர் வந்தது. பாட்டி சுக்கு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தார். விடிவதற்குள் வலி அடங்கிவிட்டது. "பார்த்தியா, ஓமம் கேட்டுச்சு" என்று எல்லோரும் படுக்கப் போனோம்.

ஓமம் கேட்கவில்லை. பித்தப்பையின் வாயை அடைத்த கல் விலகிக்கொண்டது, அவ்வளவுதான். இது எங்களுக்குத் தெரிய ஐந்து மாதம் ஆனது. அதற்குள் இதே வலி இன்னும் மூன்று முறை வந்தது. ஒருமுறை பக்கத்து கிளினிக்கில் கேஸ் மாத்திரை எழுதித் தந்தார்கள். ஐந்தாவது முறை வலியோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தது. கண் மஞ்சளாகிவிட்டது. கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, இரவோடு இரவாக அவளை அழைத்துக்கொண்டு ஓடினோம். பித்தப்பை நிறையக் கற்கள். அதில் ஒன்று நழுவிப் பித்தக்குழாயை அடைத்திருந்தது. முதல் வலியின் மறுநாளே ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் அந்த ராத்திரியை நாங்கள் பார்த்திருக்கவே மாட்டோம்.

அன்றிலிருந்து, பிள்ளை பெற்ற பெண் யாராவது 'வாயுப் பிடிப்பு' என்று சொன்னால் எனக்கு மனசு பதறுகிறது.

பாகு பூத்துப்போவது போல

சர்க்கரைப் பாகு காய்ச்சியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தண்ணீருக்கு மீறிச் சர்க்கரை விழுந்தால், கிளறாமல் அப்படியே வைத்துவிட்டால், அடியில் படிகம் பூக்கும். பித்தப்பையில் கொழுப்புக் கல் உருவாவதும் ஏறத்தாழ இப்படித்தான். இங்கே சர்க்கரையின் இடத்தில் இருப்பது கொலஸ்ட்ரால். அதைக் கரைத்து வைத்திருக்கும் வேலை பித்த உப்புகளுடையது.

கர்ப்ப காலத்தில் இரண்டு பிழையும் சேர்ந்து நடக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற, கல்லீரல் பித்தநீருக்குள் கொலஸ்ட்ராலை அதிகமாகத் தள்ளுகிறது. சர்க்கரை கூடிவிட்டது. புரோஜெஸ்டிரோன் ஏற ஏற, பித்தப்பையின் தசை தளர்கிறது. கிளறுவதற்கு ஆள் இல்லை.

கர்ப்பப்பை சுருங்காமல் குழந்தையைக் காப்பது புரோஜெஸ்டிரோன்தான். அந்தத் தளர்வு கர்ப்பப்பையோடு நிற்பதில்லை. கொழுப்பும் புரதமும் சிறுகுடலுக்குள் இறங்கியதும், 'சுருங்கு' என்று பித்தப்பைக்குத் தகவல் சொல்ல ஒரு ஹார்மோன் உண்டு. 1928-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஐவியும் ஓல்ட்பெர்க்கும் கண்டறிந்து பெயரிட்ட கோலிசிஸ்டோகைனின் அது. புரோஜெஸ்டிரோன் மிகுந்திருக்கும் உடம்பில் அந்தத் தகவல் வந்தாலும் பித்தப்பை அரைமனதாகத்தான் சுருங்குகிறது. பாதி பித்தநீர் உள்ளேயே தங்கி, முதலில் சேறாகி, பிறகு மணலாகி, கல்லாகிறது.

இது எத்தனை பேருக்கு நடக்கிறது? அமெரிக்காவில் 3,200-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்து ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வு 2005-ல் வெளியானது. பிரசவமாகி ஆறு வாரத்துக்குள், நூற்றில் பத்துப் பேருக்குப் பித்தப்பையில் புதிதாகச் சேறோ கல்லோ உண்டாகியிருந்தது, அல்லது முன்பே இருந்த சேறு கல்லாகியிருந்தது. பிரசவத்துக்குப் பின் ஹார்மோன்கள் இறங்கியதும் பலருக்கு இந்தச் சேறு தானாகவே கரைந்துவிடுகிறது. கரையாதவர்களைப் பற்றித்தான் என் கவலை.

பிள்ளை பெறும் வயதில் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பித்தப்பைக் கல் இரண்டு மூன்று மடங்கு அதிகம். மாதவிடாய் நின்ற பிறகு இந்த இடைவெளி குறைகிறது.

ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது

ஹார்மோன்தான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். மாரடைப்பிலிருந்து மீண்ட ஆண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் இதயம் காக்கப்படுமா என்று 1960-களிலும் 70-களிலும் அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். இதயத்துக்கு நன்மை கிடைக்கவில்லை. அந்த ஆண்களிடையே பித்தப்பை நோய்தான் கூடியது.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடம்பு தகிக்கிறது, தூக்கம் இல்லை என்று ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்கள் நம் நகரங்களிலும் இருக்கிறார்கள். இதே அமெரிக்காவில் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பேராய்வின் பித்தப்பை பற்றிய முடிவுகள் 2005-ல் வந்தன. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பெண்களில், ஆண்டுக்குப் 10,000 பேருக்கு 31 பேர் கூடுதலாகப் பித்தப்பை நோய்க்கு ஆளானார்கள். புரோஜெஸ்டின் சேர்த்து எடுத்தவர்களில் கூடுதல் 20 பேர். பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால், ஏற்கெனவே கல் இருக்கும் பெண் இதைத் தெரிந்துகொண்டுதான் மாத்திரையைத் தொட வேண்டும்.

வாயால் விழுங்கும் மாத்திரை, குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. தோலில் ஒட்டும் பட்டையோ தடவும் களிம்போ அப்படிப் போவதில்லை. பட்டை பயன்படுத்துகிறவர்களுக்குப் பித்தப்பை ஆபத்து குறைவு என்று பிரிட்டனில் பத்து லட்சம் பெண்களைத் தொடர்ந்த ஆய்வு 2008-ல் காட்டியது. 'எனக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறது, மாத்திரையா பட்டையா?' என்று டாக்டரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கேளுங்கள்.

குடலும் கேட்கும்

ஏழாம் மாதத்தில் மோர் சாதம் சாப்பிட்டாலும் நெஞ்செரிகிறது என்பார்கள் கர்ப்பிணிகள். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வளையத் தசையும் புரோஜெஸ்டிரோனால் தளர்ந்துவிடுவதால், இரைப்பையின் அமிலம் மேலே ஏறுகிறது. வளரும் கர்ப்பப்பையின் அழுத்தமும் சேர்ந்துகொள்கிறது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் மலம் இறுகுவதும், விலக்கான முதல் நாளில் வயிறு இளகிப் போவதும் பல பெண்களுக்கு மாதந்தோறும் நடப்பவை. கர்ப்பப்பையைச் சுருக்கும் புராஸ்டாகிளாண்டின் குடலையும் சும்மா விடுவதில்லை.

இவற்றை நம் பெண்கள் யாரிடம் சொல்கிறார்கள்? குடல் எரிச்சல் நோய் என்று ஒன்று உண்டு. மேலை நாடுகளில் அதற்காக மருத்துவரைப் பார்ப்போரில் பெண்களே அதிகம். இந்தியாவில் மருத்துவமனைகளில் எடுத்த கணக்குகளில் ஆண்களே அதிகம். நம் பெண்களின் குடல் மட்டும் இரும்பால் ஆனதா? அவர்கள் ஆஸ்பத்திரி வாசல் வரை வருவதில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். வீட்டில் அடுத்தவருக்கு வலித்தால் ஆட்டோ பிடிப்பவள், தனக்கு வலித்தால் அஞ்சறைப்பெட்டியைத் திறக்கிறாள்.

கடைசியில் சாப்பிடும் பழக்கம்

என்னை அதிகம் உறுத்துவது இதுதான். காலையில் எல்லோருக்கும் டிபன் கட்டி அனுப்பிவிட்டு, துணி துவைத்து, பாத்திரம் கழுவி, 11 மணிக்கு இரண்டு இட்லி சாப்பிடும் பெண்கள் எத்தனை பேர்! முந்தின இரவு எட்டரைக்குச் சாப்பிட்டவளுக்கு அது பதினான்கரை மணி நேரப் பட்டினி. சாப்பாடு இறங்கினால்தான் பித்தப்பை சரியாகச் சுருங்கிக் காலியாகும். அதுவரை பித்தநீர் உள்ளே கெட்டிப்பட்டுக்கொண்டே இருக்கும். ஹார்மோன் ஏற்கெனவே தளர்த்தி வைத்திருக்கும் பித்தப்பைக்கு இந்தப் பட்டினியும் சேர்கிறது.

இன்னொரு பக்கம், பிரசவ எடையை ஒரே மாதத்தில் இறக்கிவிட வேண்டும் என்ற அவசரம். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் எடை குறைந்தால் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பு வேகமாகக் கூடும். உடம்பின் கொழுப்பு கரையும்போது கல்லீரல் அந்தக் கொலஸ்ட்ராலையும் பித்தநீரில்தான் கொட்டுகிறது. பாலூட்டும் தாய் வெறும் பழச்சாறில் நாளை ஓட்டுவதைப் பார்த்தால், தயவுசெய்து தட்டில் சோறு போட்டுக் கொடுங்கள்.

பரம்பரை, உடல் பருமன், சர்க்கரை நோய் ஆகியவையும் காரணங்கள்தான். தென்னிந்தியாவில் கொழுப்புக் கல்லைவிட நிறமிக் கல் அதிகம், அதற்கு ஹார்மோன் விளக்கம் முழுதாகப் பொருந்தாது என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. கல் எந்த வகையாக இருந்தாலும் வலிக்கிறபோது அதை வாயு என்று ஒதுக்கக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

இதைச் சொல்லும்போது டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். பித்தப்பைக் கல்லுக்கு யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்று மருத்துவ மாணவர்கள் ஒரு பழைய பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். பெண், 40 வயது, பருமன், பிள்ளை பெற்றவள். அந்த நாற்பதையும் பருமனையும் பிடித்துக்கொண்டால், என் தங்கையைப் போல ஒல்லியான 26 வயதுத் தாய் கைநழுவிப் போய்விடுகிறாள்.

எந்த வலி, என்ன செய்வது?

வலி வருகிற இடம், நெஞ்சுக்குழிக்குக் கீழே அல்லது வலது விலா எலும்புக்கு அடியில். அங்கிருந்து முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ பரவும். எண்ணெய்ப் பலகாரமோ பிரியாணியோ சாப்பிட்ட சில மணி நேரத்தில், பெரும்பாலும் இரவில் வரும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல், சில சமயம் நான்கைந்து மணி நேரம்கூட நிற்கும். ஏப்பம் விட்டாலோ மலம் கழித்தாலோ விடாது. இப்படி ஒரே ஒரு முறை வந்தாலும், வெறும் வயிற்றில் மேல்வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அதனால் கெடுதல் இல்லை.

வலியோடு காய்ச்சல், நடுக்கம், நிற்காத வாந்தி, கண் மஞ்சள், சிறுநீர் டீ நிறத்தில் போவது ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பித்தப்பை அழற்சி, பித்தக்குழாய்த் தொற்று, கணைய அழற்சி ஆகியவை உயிருக்கே உலை வைப்பவை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால், அதையும் சூடு என்று விட்டுவிடாதீர்கள். பித்தம் கல்லீரலில் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு அது ஆபத்து.

ஸ்கேனில் கல் தெரிந்தாலே ஆபரேஷன் என்று பயப்படவும் வேண்டாம். எந்தத் தொந்தரவும் தராத கல்லோடு வாழ்நாள் முழுக்க நிம்மதியாக இருப்பவர்களே பெரும்பான்மை. வலி தர ஆரம்பித்துவிட்ட கல்தான் மறுபடி மறுபடி படுத்தும். அப்போது பித்தப்பையையே எடுத்துவிடுவார்கள். 1882-ல் பெர்லினில் லாங்கென்புக் முதன்முதலாகச் செய்த அறுவைச் சிகிச்சை இன்று சில சிறு துளைகள் வழியே முடிந்துவிடுகிறது. பித்தப்பை போனாலும் கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருப்பதால் ஜீரணம் நடக்கும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகலாம்.

வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரையும் என்று பலர் சொல்வார்கள். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வைத்தியம். பித்தப்பை சிறுநீர் போகும் பாதையிலேயே இல்லை. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் வெளியேறும் என்பதும் பரவுகிறது. அப்படி வெளியே வந்த பச்சை உருண்டைகளைப் பரிசோதித்தபோது, குடலுக்குள் எண்ணெய் சோப்பாக மாறி உருண்ட கட்டிகள் அவை என்று தெரிந்தது. அவ்வளவு எண்ணெயை ஒரே மூச்சில் குடித்தால் பித்தப்பை வேகமாகச் சுருங்கி, கல் குழாயில் போய்ச் சிக்கிக்கொள்ளவும் கூடும்.

தங்கை இப்போது நன்றாக இருக்கிறாள். அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வீட்டுக்கு ஓமம் கேட்டு வந்தார். பிரசவத்துக்கு வந்திருக்கும் அவர் மகளுக்கு இரண்டு ராத்திரியாக மேல்வயிற்றில் வலியாம்.

அம்மா டப்பாவைத் திறக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். "ஓமம் எங்கயும் போயிடாதுக்கா. முதல்ல பிள்ளைய ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போவோம். நானும் வரேன்" என்றார்.