ஜென்டாமைசினிலேயே முளைக்கும் கிருமி: தெரியுமா?

ஜென்டாமைசின் என்ற அன்ரிபயோட்டிக் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் மற்றக் கிருமிகள் செத்துப்போக, தான் மட்டும் ஊதா நிறத்தில், சுருக்கம் விழுந்த தோலோடு, செழிப்பாக வளரும் ஒரு பக்டீரியா உண்டு, தெரியுமா? ஆய்வுகூடத்தில் அதை இனங்காணும் வழிகளில் ஒன்றே அதுதான்!

அது வரவழைக்கும் நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். இலங்கையில் இதற்குப் பெயர்போன பகுதிகளில் மட்டக்களப்பும் ஒன்று. கிருமி குடியிருப்பது ஈர மண்ணில், வயல் சேற்றில். வடகீழ்ப் பருவமழை கொட்டும் பெரும்போகக் காலத்தில், அங்குள்ள படுவான்கரை வயல்களில் முழங்கால் சேற்றில் நிற்பவரின் காலில் ஒரு சிறு கீறல் போதும், உள்ளே போய்விடும். சீனி வருத்தம் உள்ளவர் என்றால் இரத்தத்திலேயே பரவி உயிரைப் பதம் பார்க்கும்.

அன்ரிபயோட்டிக்குகளைக் கண்டபடி விழுங்கியதால் கிருமிகள் எதிர்ப்பைக் கற்றுக்கொண்டன என்று படித்திருப்பீர்கள். இதற்கோ அது பிறவிக் குணம்! பெனிசிலின், அம்பிசிலின் எதற்கும் அசையாது. வயலில் தண்ணீர் இறைக்கும் பம்பியைப் போல, உள்ளே வந்த ஜென்டாமைசினை வெளியே இறைத்துத் தள்ளும் புரதங்கள் அதன் சவ்விலேயே இருக்கின்றன. வெறும் காய்ச்சி வடித்த நீரில் 16 வருடம் உயிரோடு கிடந்ததும் இதே கிருமிதான்.

1911இல் ரங்கூனில் இந்நோயை முதலில் கண்டறிந்தவர்கள் அல்பிரட் விட்மோரும் அவரது உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும். அந்த இரண்டாவது பெயரை நாம் மறந்தே போனோம். இலங்கையில் முதல் பதிவு 1927இல். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாகத் தென்கிழக்கு ஆசியாவில் இருந்த ஒருவருக்கு, 62 வருடம் கழித்து இந்நோய் தோலில் புண்ணாக வெளிப்பட்டிருக்கிறது!

இன்னும் திகைப்பானது ஒன்று. இந்நோய்க்குக் கொடுக்கும் செஃப்டாசிடைம் மருந்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, அந்த மருந்து பிடிக்க வேண்டிய புரதத்தையே சில கிருமிகள் தம் மரபணுவிலிருந்து கழற்றி எறிந்துவிட்டன. தாய்லாந்து நோயாளிகளில் இதைக் கண்டார்கள். அப்படி மாறியவை வழக்கமான ஊடகங்களில் வளரவே இல்லை. நோயாளி குணமாகவில்லை, ஆய்வுகூடமோ கிருமி இல்லை என்கிறது. எவ்வளவு பயங்கரம்!

ஆனாலும் இதை வெல்லலாம். 1989இல் வெளிவந்த தாய்லாந்து ஆய்வில், பழைய மருந்துகளில் 74 சதவீதமாக இருந்த இறப்பு செஃப்டாசிடைமால் 37 ஆக இறங்கியது. சரியான மருந்து நேரத்துக்குக் கிடைக்க வேண்டும், அதற்கு இரத்த வளர்ப்புச் சோதனை வேண்டும். சோதனை முடிவு வர நாட்கள் ஆகும். அதனால் காய்ச்சலோடு வாட்டில் படுத்தவர், "ஐயா, நான் வயல் வேலை செய்யிறனான், சீனி வருத்தமும் இருக்கு" என்று முதல் நாளே டொக்டரிடம் சொன்னால், எந்த ஊசியில் தொடங்குவது என்ற முடிவே மாறக்கூடும்.

செஃப்டாசிடைமோ மெரோபெனமோ, ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள். பிறகு கோ-ட்ரைமொக்ஸசோல் மாத்திரை சுமார் மூன்று மாதம். நடுவில் விட்டால் நோய் திரும்பும். மார்கழியில் படுத்தவர் கடைசி மாத்திரையை விழுங்கும்போது பெரும்போக அறுவடையே முடிந்திருக்கும்.